நீலமேகம் நீரடுக்கு

ஜனவரி 4, சென்னைத் துறைமுகம்

ரத்த அழுத்தம் 138/86.

தினமும் காலையில் அளந்து ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எண்ணை மட்டும் எழுதினால் பக்கமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். காகிதத்தை வீணாக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. மீதி இடத்தில் நடப்பதை எழுதலாமென்று இருக்கிறேன்.

நான் கோமதிநாயகம், 'ஆழித்துணை' ஆய்வுக்கப்பலில் முதுநிலைத் தொழில்நுட்ப அலுவலர், வயது ஐம்பத்தெட்டு. கப்பலில் என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால், கடலில் உப்பு பார்க்கிற வேலை என்பேன். அதுதான் உண்மையும். ஆளுயர இரும்புக் கூண்டு ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி இருபத்துநான்கு பாட்டில்கள், அடியில் உப்பையும் வெப்பத்தையும் ஆழத்தையும் அளக்கும் கருவிகள். கம்பியில் கட்டி மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறக்குவோம். கருவி அளந்து அளந்து மேலே கம்ப்யூட்டருக்கு அனுப்பும். ஏறும்போது பாட்டில்கள் தண்ணீர் பிடித்து வரும். கருவி சொன்னது சரியா என்று அந்தத் தண்ணீரை வைத்துச் சரிபார்ப்போம். பத்தொன்பது வருடமாக இதே வங்கக் கடலில், இதே இடங்களில், இதைத்தான் செய்கிறேன்.

பதவி உயர்வுப் பட்டியல் மார்ச்சில் வருகிறதாம். எனக்கு அதில் ஆர்வமில்லை. 2011லிருந்தே இல்லை.

ஜனவரி 6

138/88.

இன்று முழுக்க கப் விவகாரம்.

ஆழ்கடலுக்குப் போகிற கப்பல்களில் ஒரு வழக்கம் உண்டு. டீ குடிக்கிற தெர்மாகோல் கப்பில் பெயர் எழுதி, வலைப்பையில் போட்டு, கூண்டோடு கட்டி இறக்குவார்கள். ஆழத்தின் அழுத்தத்தில் காற்றெல்லாம் வெளியேறி, கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி வரும். பெயரும் கூடவே சுருங்கியிருக்கும். வீட்டு ஷோகேஸில் வைத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

இந்தத் தடவை அலுவலகம் அறுபத்தொரு கப்பும் ஒரு சுற்றறிக்கையும் கொடுத்தனுப்பியிருக்கிறது. பதவியில் உயர்ந்தவர்களின் கப் அதிக ஆழத்துக்குப் போக வேண்டுமாம். கூண்டின் உயரமே ஆறடி. மூவாயிரம் மீட்டர் போகிற பொருளுக்கு ஆறடியில் என்ன வந்தது என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. உட்கார்ந்து பணிமூப்புப் பட்டியல் போட்டேன். மேலே கேண்டீன் கமிட்டி, அதற்குக் கீழே எழுத்தர்கள், அதற்குக் கீழே விஞ்ஞானிகள், கடைசிப் பையில் துணை இயக்குநர்கள். துணை இயக்குநர்களில் இரண்டு பேர் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். யார் கீழே என்று சாட்டிலைட் போனில் விசாரித்ததில், இருவருமே தாங்கள்தான் கீழே என்றார்கள்.

இயக்குநர் டாக்டர் நீலமேகத்தின் கப்பும் அந்தக் கடைசிப் பையில்தான். தங்க நிற மையில் பெயர் எழுதியிருக்கிறது. கையெழுத்து அழகாக இருக்கிறது.

ஜனவரி 8

காலை 140/88.

பதினேழாம் அளவு நிலையம். கடல் அமைதி. ஏழு மணிக்குக் கூண்டைத் தயார் செய்தேன். பைகளைக் கட்டி முடித்தபின் ஒரு யோசனை வந்தது. இயக்குநரின் கப்பைப் பையிலிருந்து எடுத்து, கருவிகளுக்குப் பக்கத்தில், கூண்டின் அடிக்கம்பியில் தனியாக நூல் போட்டுக் கட்டினேன். துணை இயக்குநர்களைவிட இரண்டரை அடி கீழே. சுற்றறிக்கை அவ்வளவு தூரம் கேட்கவில்லை. ஒரு மரியாதைக்குத்தான். அதையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

கூண்டுக் கம்பியைச் சுற்றுகிற வின்ச் எந்திரத்தை ஓட்டுவது இன்னாசி மச்சாது. புன்னைக்காயல்காரர். பத்தொன்பது வருடமும் என் கூண்டை இறக்கி ஏற்றுவது அவர்தான். கம்பி போகிற சத்தத்தை வைத்தே ஆழம் சொல்வார்.

1,840 மீட்டர்வரை எல்லாம் வழக்கம்போல இருந்தது. அதற்குக் கீழே உப்பு சட்டென்று குறைந்தது, அடிவரை குறைவாகவே இருந்தது. அறையில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். உப்பு குறைந்த தண்ணீர் இலேசானது. இலேசான தண்ணீர் கனமான தண்ணீருக்கு அடியில் போய்ப் படுத்திருக்கிறது என்றால், குழம்புக்கு அடியில் எண்ணெய் நிற்கிற மாதிரி. தலைமை விஞ்ஞானி டாக்டர் யசோதரா திரையைப் பார்த்து, "இது நிக்காதே" என்று மட்டும் சொன்னார்.

சரிபார்க்க இன்னொரு ஜோடிக் கருவி உண்டு. அது பழுது நீக்கப் போய் எட்டு மாதமாகிறது. கோப்பு நகர்கிறதாம்.

பதினோரு மணிக்கு அன்றாட அறிக்கை அனுப்புவது என் பொறுப்பு. பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் அது பதினொன்று ஐந்து ஆனதில்லை. வரைபடத்தோடு அனுப்பிவிட்டேன். கூண்டு மேலே வருவதற்குள் இயக்குநரிடமிருந்து வாழ்த்து வந்துவிட்டது. அமைச்சகத்துக்கும் சொல்லிவிட்டாராம்.

கூண்டைக் கழுவினேன். ஒரு சிறிய அடைப்பு இருந்தது. எடுத்துவிட்டேன்.

மாலை 162/100. மெஷின் பேட்டரி மாற்ற வேண்டும்.

ஜனவரி 9

164/100. பேட்டரி மாற்றியாயிற்று.

இயக்குநர் பெயர் வைத்துவிட்டார். 'நீலமேகம் நீரடுக்கு'. தன்னடக்கத்தால் மறுத்ததாகவும் சக விஞ்ஞானிகள் வற்புறுத்தியதாகவும் கடிதத்தில் இருக்கிறது.

யசோதரா மேடம் பாட்டில் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தார். உப்பு பத்தொன்பது வருடமாக இருந்த அளவில்தான் இருக்கிறது. அதை எழுதி அனுப்பினார். பாட்டில்கள் ஒழுகியிருக்கும் என்று பதில் வந்தது. இருபத்துநான்கும் ஒரே மாதிரியா ஒழுகும் என்று கேட்டார். ஒரே நிறுவனத்தில் வாங்கியதால் ஒரே மாதிரிதான் ஒழுகும் என்று அடுத்த பதில்.

ஜனவரி 10

164/102.

செய்தித்தாளில் வந்துவிட்டது. ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார்கள். இயக்குநர் உலக வரைபடத்தின் முன் நின்று அடுக்கைச் சுட்டிக்காட்டுகிறார். விரல் அரபிக் கடலில் இருக்கிறது.

உறுதி செய்துகொள்ள மறுபடி இறக்கச் சொன்னார்கள். இறக்கினோம். கப் எதுவும் கட்டவில்லை. உப்பு வழக்கம்போல. மதியம் இன்னொரு தடவை. அதுவும் வழக்கம்போல.

மேடம் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். நான் வரைபடத்தைப் பார்த்தேன்.

ஜனவரி 11

168/102.

அடுக்கு இல்லை என்று தெரிவித்ததற்கு, அடுக்கு நகர்ந்துவிட்டது என்று பதில். கிழக்கே, மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் நகர்வதாகத் தலைமையகத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கப்பல் அதைப் பின்தொடர வேண்டும். கண்டுபிடிக்கும்வரை திரும்பக் கூடாது.

நாளை கரை திரும்ப வேண்டிய கப்பல் இது. கேப்டன் உத்தரவை மூன்று முறை படித்தார். அந்த அடுக்கு எந்தப் பக்கம் திரும்பும், விளக்கு ஏதும் போட்டுக்கொண்டு போகுமா என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். கப்பலைக் கிழக்கே திருப்பினார்.

மாலை மச்சாது வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். 22ஆம் தேதி அவர் மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம். கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை மூன்றில் இரண்டு வாசித்தாகிவிட்டது. மனைவி இல்லாத வீடு. பெண்ணைக் கோவிலுக்குள் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியவர் இவர் ஒருவர்தான். கணக்குப் பார்த்துச் சொன்னார்: 17ஆம் தேதி மாலைக்குள் கப்பல் திரும்பினால் 20 சென்னை, 21 ரயில், 22 காலை ஊர். அதற்கு மேல் ஒருநாள் தாமதித்தாலும் முடியாது. இதைப் புகாராகச் சொல்லவில்லை. காற்று திசை மாறியிருக்கிறது என்பதுபோலச் சொல்லிவிட்டு, தேநீர் டம்ளரைக் கழுவப் போனார்.

ஜனவரி 12

170/104. வெங்காயம் தீர்ந்தது.

ஜனவரி 13

நோட்டு என்னுடையது. யாரும் படிக்கப் போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

அந்தச் சிறிய அடைப்பு இயக்குநரின் கப். உப்பு அளக்கும் கருவிக்குத் தண்ணீர் உறிஞ்சும் குழாய் ஒன்று உண்டு. 1,840 மீட்டரில் கப் அந்தக் குழாயின் வாய்க்குச் சரியான அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. பம்பு இழுத்துக்கொண்டது. விளிம்பில் ஒரு துணுக்கு உடைந்து உள்ளேயே போய்விட்டது. கருவி, மின்சாரம் தண்ணீரில் எவ்வளவு நன்றாகப் பாய்கிறது என்பதை வைத்துத்தான் உப்பைக் கணக்கிடும். தெர்மாகோலில் மின்சாரம் பாயாது. உப்பு குறைவு என்று காட்டிவிட்டது. நீலமேகம் நீரடுக்கு என்பது நீலமேகத்தின் கப். வேறொன்றும் இல்லை.

அன்றைக்கு நான் குறடு போட்டுக் கப்பையும் துணுக்கையும் பிடுங்கும்போது வாழ்த்து வந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. கப்பைச் சோப்பு டப்பாவில் வைத்திருக்கிறேன். தங்க எழுத்து அப்படியே இருக்கிறது. விளிம்பு மட்டும் எலி கடித்ததுபோல.

இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுகிறவன். பொருளாதாரத்துக்கோ புவியியலுக்கோ இதனால் நட்டமில்லை. பெரிய மனிதர்கள் சொல்லும்போது நாம் குறுக்கே போகக் கூடாது. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

172/106.

ஜனவரி 14

பொங்கல். அரிசி உண்டு, வெல்லம் இல்லை. சமையல்காரர் பிச்சுமணி டப்பா மாம்பழச் சாற்றை ஊற்றிக் கிண்டினார். எல்லோரும் சாப்பிட்டுவிட்டு, கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றோம். ஊர் மேற்கில் இருக்கிறது.

இன்று மூன்று இறக்கம். அடுக்கு இல்லை. அது வேகத்தைக் கூட்டியிருக்கலாம் என்று தலைமையகம்.

ஜனவரி 15

170/106.

மேடம் ஆய்வுக்கூடக் கதவைச் சாத்திவிட்டு, "சார், என்கிட்ட நீங்க சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். சர்க்கரையும் தீரப்போகிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. இன்னொருவருடைய பெயரில் ஒரு பொய்க்கு வரைபடம் போட்டுத் தர வேண்டியிருக்கிறது, ஒரு வாரமாகத் தூக்கமில்லை என்றார். என் மகள் வயதுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஜனவரி 16

இதை முழுதாக எழுத வேண்டும்.

நேற்றிரவே ஒரு வழி தோன்றிவிட்டது. மறுபடி ஒரு கப்பை அதே இடத்தில் கட்டினால் அடுக்கு கிடைத்துவிடும். இயக்குநருக்குப் பெயர், கேப்டனுக்குத் திசை, மச்சாதுவுக்கு மகள் கல்யாணம், முப்பத்தெட்டுப் பேருக்கும் வெங்காயம். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. என் ஒருவன் மனச்சாட்சி போனால் போகட்டும் என்று பெரிய தியாகிபோல நினைத்துக்கொண்டேன். பதவி உயர்வு ஞாபகத்துக்கே வரவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. வந்தது.

காலையில் யாரும் வருவதற்கு முன் டெக்குக்குப் போய், புதிய கப் ஒன்றை அடிக்கம்பியில் கட்டினேன். முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது. எட்டு மணிக்கு மச்சாது வின்ச் மேடையில் ஏறினார். இறக்கலாம் என்று கை காட்டினேன். வின்ச் ஓடவில்லை.

அவர் இறங்கிவந்து, கூண்டின் அருகில் குந்தி உட்கார்ந்து, அடியில் பார்த்தார்.

"இத நா எறக்க மாட்டேன் சார்."

என்ன என்று கேட்பதுபோல் நின்றேன்.

"அன்னைக்கே பாத்தேன். நீங்க கொறடு வச்சிப் புடுங்குனிய. சோப்பு டப்பாவுல போட்டுட்டுப் போனிய."

எட்டு நாளாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் என் பக்கத்தில் உட்கார்ந்து மகள் கல்யாணத் தேதியைச் சொல்லியிருக்கிறார். ஏன்வே ஒருத்தர்கிட்டயும் சொல்லல என்று கேட்டேன். நானாகவே சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தாராம். பத்தொன்பது வருடப் பழக்கத்தில் ஒரு மனிதரைக் காட்டிக்கொடுக்க மனது வரவில்லையாம். மனிதர் இதைச் சொல்லும்போதும் கப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எறக்கிட்டா நாளைக்கே வீட்டுக்குக் கெளம்பலாம்வே. உம்ம மகளுக்காகத்தான் கட்டுனேன்" என்றேன். அதில் பாதி உண்மை.

"எம்மவ கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போவ எந்தம்பி போதும் சார். அவன் கடலுக்குப் போயி உசுரோட திரும்பணும்லா. நம்ம எடுக்குற கணக்க வச்சித்தான புயலு வருதா இல்லையான்னு சொல்லுறானுவ. இதுல பொய்ய எழுதிட்டு நா அவன்ட்ட என்னன்னு சொல்லுவேன்?"

அவரே கத்தியால் நூலை அறுத்து, கப்பை என் கையில் கொடுத்தார். பிறகு மேடை ஏறி, கூண்டைச் சும்மா இறக்கினார். உப்பு வழக்கம்போல இருந்தது.

இன்று ரத்த அழுத்தம் பார்க்கவில்லை.

ஜனவரி 17

காலை ஏழு மணிக்கு சோப்பு டப்பாவை மேடத்தின் மேஜைமேல் வைத்தேன். திறந்து பார்த்தார். தங்க எழுத்தைப் படித்தார். முதலில் முகத்தை மூடிக்கொண்டார், அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு கோபம் வந்தது. பத்து நாள் சார், பத்து நாள், என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுக்கு இல்லை என்று எழுதித் தர வேண்டும். அதற்குப் படிவம் இல்லை. கண்டுபிடித்ததைத் தெரிவிக்கப் படிவம் இருக்கிறது, இல்லாததைத் தெரிவிக்க இல்லை. இருந்ததிலேயே எழுதினேன். அடுக்கின் பெயர்: இல்லை. ஆழம்: இல்லை. கனம்: இல்லை. நகரும் திசை: இல்லை. காரணம் என்ற கட்டத்தில் கப்பைப் பற்றியும், அதை யார் எங்கே எதற்காகக் கட்டினார் என்பதையும் எழுதினேன். எதற்காக என்ற இடத்தில் மரியாதை என்று எழுதி, அடித்துவிட்டு, பதவி உயர்வு வேண்டி என்று எழுதினேன். மேடம் பாட்டில் கணக்கை இணைத்துக் கையெழுத்துப் போட்டார். இணைப்பில் கப்பின் போட்டோ. இயக்குநருக்கு அனுப்பினோம்.

பத்தரை மணிக்குப் பதில். இயக்குநரின் முதல் கேள்வி, கப் எவ்வளவு சேதம் என்பது. அடுத்தது, 'இல்லை' என்கிற இடத்திலெல்லாம் 'தற்காலிகமாக இல்லை' என்று திருத்தி அனுப்பினால் கப்பல் உடனே திரும்பலாம், நானும் மார்ச்சில் கவனிக்கப்படுவேன் என்பது.

அதைப் படித்துவிட்டு நான் டெக்குக்குப் போனேன். மச்சாது வின்ச்சுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். மணி என்ன என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். பத்து ஐம்பது என்றேன். ஒரு வார்த்தை, 'தற்காலிகமாக'. அதைச் சேர்த்தால் அவர் மகளுக்கு அப்பா கிடைப்பார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அந்த அடுக்கும் உயிரோடு இருக்கும், அடுத்த வருடம் வேறொரு கப்பல் அதைத் தேடிக்கொண்டு வரும், கணக்குப் போடுகிறவர்கள் அதையும் சேர்த்துப் போடுவார்கள்.

திரும்பிப் போய் எழுதினேன்: தற்காலிகமாக அல்ல. எப்போதும் இல்லை. திருத்த முடியாது. இது இன்றைய அன்றாட அறிக்கையோடு, வழக்கம்போல எல்லா முகவரிகளுக்கும் பதினோரு மணிக்குப் போகும்.

பதினோரு மணிக்கு அனுப்பினேன். அந்த முகவரிகளில் அமைச்சகமும் ஒன்று, செய்தித்தாளும் இந்த வாரம் ஒன்று. பத்தொன்பது வருடமாக அந்த அறிக்கையை யாரும் படித்ததில்லை என்பது என் எண்ணம். இன்று படித்திருக்கிறார்கள்.

மூன்று மணிவரை ஒன்றும் வரவில்லை. மூன்று பத்துக்கு வந்தது: கப்பல் கரைக்குத் திரும்பவும். காரணம் எதுவும் குறிப்பிடவில்லை. கேப்டன் ஒலிபெருக்கியில் சொல்வதற்கு முன்பே கப்பலைத் திருப்பிவிட்டார். வெயில் டெக்கின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்தது. மச்சாது கிரீஸ் கையோடு அப்படியே நின்றார்.

ஜனவரி 19

எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்திருக்கிறது. குற்றம் ஒன்று: அங்கீகரிக்கப்பட்ட வலைப்பைக்கு வெளியே கப்பைக் கட்டியது. குற்றம் இரண்டு: இயக்குநர் பெயர் பொறித்த பொருளின்மீது குறடு பயன்படுத்தியது. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். அளவு தவறியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒன்பது நாள் மறைத்ததைப் பற்றியும் இல்லை. அதுதான் என் குற்றம். கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன்.

மார்ச் பட்டியலில் என் பெயர் நீக்கப்பட்டதாகத் தனிக் கடிதம். வருத்தமாக இருக்கிறது. ஆசை இருந்தது, ரொம்பவே இருந்தது, 2011லிருந்தே. எழுதிவிட்டேன்.

ஜனவரி 22, புன்னைக்காயல்

மச்சாது விடவில்லை. ரயிலில் என்னையும் ஏற்றிவிட்டார்.

மகள் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்குள் போனார். கப்பலில் நேராக நடக்கிற மனிதர், இங்கே தள்ளாடினார். ஜெசிந்தாதான் அவரைக் கூட்டிப்போன மாதிரி இருந்தது.

பந்தியில் என்னைச் சம்பந்திமாருக்கு அறிமுகம் செய்தார். என் பதவியைச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

"இவரு ஒரு கடலையே இல்லன்னு எழுதிக் குடுத்தவரு" என்றார்.

அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் எழுந்தேன். பரிமாறிக்கொண்டிருந்தவர் மச்சாதுவின் தம்பி. காலையில்தான் கரையேறியிருக்கிறார். அவர் மட்டும் அதோடு விடவில்லை. பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சற்று யோசித்தார்.

"அப்ப மத்த கடலெல்லாம் இருக்குல்லா சார்?"

"இருக்கு" என்றேன். "அளந்திருக்கேன்."

அவர் தலையாட்டிவிட்டு, நான் போதும் என்பதற்குள் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.